செம்புக்குள் கருப்பராயன்

— உந்தச் செம்பைக் கீழ வையுங்கோ மாரிசாமி. கைப்பிள்ளை மாதிரி மடியில வச்சுக்கொண்டிருக்கிறியள், பெல்ட் எப்பிடி மாட்டுறது?

— கீழ எங்கீங்க எடம்? உங்க கார்ல கால் வெக்கற பக்கம் முச்சூடும் பட்டையும் சங்கிலியும் கொக்கியுமாக் கெடக்குது. நீங்க கார் வெச்சிருக்கறீங்களா, கொல்லம்பட்டறை வெச்சிருக்கறீங்களா எஞ்சினியருங்க?

— உந்தப் பட்டை இல்லாட்டில் உங்கட கருப்பராயன் இண்டைக்கு நிலத்தை விட்டு எழும்பியிருக்க மாட்டார். அந்த லாரிக்காரப் பெடியள் சங்கிலியைக் கழுத்தில போடப் பார்த்தவங்கள். நான் கத்தினபடியால் தலை தப்பினது.

— மறக்க மாட்டனுங்க. காலத்துக்கும் மறக்க மாட்டேன். இந்தாங்க, பெல்ட் மாட்டியாச்சு. செம்புக்கும் சேத்து.

— என்ன கிடக்கு அதுக்குள்ள? மோரோ?

— தண்ணிதானுங்க. தாகத்துக்கு.

— சான் ரமோனில இருந்து ஓக்லண்ட் துறைமுகத்துக்கு நாப்பது நிமிஷம். அதுக்கொரு செம்புத் தண்ணி. அதுக்கு மேல மஞ்சள் துணி. அதுக்கு மேல மூண்டு முடிச்சு.

— எங்கூர்ப் பக்கம் தண்ணிய அப்படித்தானுங்க கட்டி வெப்போம். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. பின்னால எங்கூட்டு அம்மிணி கண்ணசந்துட்டா. காத்தாலே அஞ்சு மணிக்கெல்லாம் எந்திரிச்சவ.

— சாந்தாமணி தங்கச்சி நித்திரையோ? படுக்கட்டும். காலமை முழுக்க நிண்டுகொண்டே இருந்தவ.

— லாரிய மட்டும் உட்றாதீங்க. ஃப்ரீவேயில நம்மளுக்கு முன்னாடியே போகோணும், கண்ணுல இருந்து மறையக் கூடாது. பத்து டன்னுச் சாமி. ஒரு பள்ளத்துல எறங்குனா ரோடே உள்ள போயிரும்.

— பத்து டன்னோ? தூக்கின நேரம் மீட்டரை வாசிச்சது நான். ரெண்டாயிரத்து நூற்றி நாப்பது பவுண்ட். அமெரிக்கக் கணக்கில ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கூட. உயரம் நாலடி ரெண்டங்குலம்.

— அது எண்ணெய், சந்தனம், மாலை எல்லாங் கழட்டின எடைங்க.

— உங்கட புளுகுக்கு ஒரு அளவு இல்லை ஐசே. நேற்று மியூசியத்துப் பொம்பிளை டேப் ரெக்கார்டரை வச்சுக் கேட்டவவே, அவவுக்கும் உப்பிடித்தான் சொன்னியளோ?

— நடந்ததைய நடந்தபடியே சொன்னனுங்க. எம்பையன் தீபக்தான் இங்கிலீஷ்ல சொன்னான். தொண்ணூத்தி ரெண்டுல அவன் வூடு வாங்கறான், நாங்க ஊர்ல இருந்து வந்து எறங்கறோம், பொறக்கடைக்குப் போறேன். ஓக் மரத்தடியில ஒரே காடு. ஆள் உசர முள்ளு. முள்ளுக்குள்ள நாலு புலி.

— புலியோ?

— பூனைங்க. பூனைன்னாலும் சாதாரணப் பூனையில்ல. அதுகள முடுக்கீட்டு முள்ள வெலக்கிப் பாக்கறேன், நிக்கறாரு. வகுத்து மேல ரெண்டு கை. தேங்காமூடியாட்டக் கண்ணு. இந்தக் காதுல இருந்து அந்தக் காது வரைக்கும் வாய். எங்க காட்டு வேலியோரம் நிக்கற கருப்பராயனேதான். பதிமூணாயிரம் மைலு தாண்டி, எனக்கு முன்னாடியே விசா வாங்கி வந்து நிக்கறாரு.

— அருவாள் இல்லாமல்.

— ஆமாங்க, அருவா ஒண்ணுதான் கொறை. ஹார்ட்வேர் கடையில கொப்பு வெட்டற கத்தி ஒண்ணு வாங்கி வெச்சேன். வாரத்துக்கு ஒரு சுருட்டு. கெடா மட்டும் முடியலீங்க, மருமவ வான்மதி ஒத்துக்கல. பக்கத்து வூட்டுக்காரன் போலீசக் கூப்புடுவான்னுட்டா.

— பசிபிக் சமுத்திரத்துக்கு நடுவில இருக்கிற ஒரு தீவுக்காரற்ற பூட்டனுக்கு, தாராபுரத்துக்காரர் ஏழு வருஷமாச் சுருட்டுப் பத்த வச்சிருக்கிறார். நினைச்சால் எனக்கு இரவில சிரிப்பு வாறது.

— சிரிங்க. எனக்கென்ன தெரியுமுங்க? கல்லு மேல ஊரு பேரு எழுதியா இருந்துச்சு? தீபக்கோட பொறந்த நாளுக்கு வான்மதி ஆபீஸ்ல இருந்து ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு வந்தா. பொறக்கடையில இவரப் பாத்தா. கையில இருந்த கேக்கக் கீழ வெச்சா. இது உங்க நாட்டுச் சாமி இல்ல, என் வூட்டுக்காரரு மியூசியத்துல இருக்கறாரு, போட்டோ எடுத்துக்கட்டுமான்னா.

— அந்தப் பொம்பிளையில பிழையில்லை. அந்தக் காணியில முந்தி இருந்த கப்பல் கப்டன் ஒராள் அவரை ஏத்திக்கொண்டு வந்தவன், ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொண்டில. டயறியில எழுதியும் வச்சிருக்கிறான். ஊர்ச் சனம் மீன் பிடிக்கப் போயிருந்த நேரம், கப்பி போட்டு எட்டுப் பேரைக் கொண்டு தூக்கினது எண்டு. களவு எண்டு அவனே எழுதி வச்சபிறகு தீபக் என்ன செய்யிறது? கையெழுத்து வச்சுக் குடுத்தான். நல்ல பிள்ளை.

— நல்ல பிள்ளைதானுங்க. அப்பங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூணு மாசம் அவங்கிட்ட நான் பேசலை.

— மூண்டு நாள். நாலாம் நாள் டிவி ரிமோட்டைக் காணேல்லை எண்டு கதைச்சியள். நான் அங்கதான் இருந்தனான்.

— உங்களையக் கூடவே வெச்சிருந்தா ஒரு மனுசன் நிம்மதியாக் கதை சொல்ல முடியாதுங்க.

— ஆனா ஒண்டு சொல்லவேணும். செவ்வாய்க்கிழமை அந்தத் தீவில இருந்து தெயிக்கி எண்ட கிழவரும் மருமகளும் வந்தவையே, அப்ப எனக்குச் சிரிப்பு நிண்டுபோச்சு. கிழவர் நேரை மரத்தடிக்குப் போனார். முகத்தைக் கொண்டுபோய்க் கல்லின்ர நெத்தியில வச்சு மூச்சை இழுத்தார். நான் பார்த்துக்கொண்டு நிண்டனான். எனக்கு வயசு எழுவத்திரண்டு, அப்பிடி ஒருத்தர் ஒண்டை மணந்து நான் கண்டதில்லை.

— நல்லெண்ண வாசம், சந்தன வாசம். அதுதானுங்க இழுத்தாரு. எனக்குப் பயமுங்க. மியூசியத்து அம்மா மொதல்லயே சொல்லீருந்தாங்க, கல்லு பூரா எண்ணெய எறக்கீட்டீங்க, கருகருன்னு ஆயிருச்சு, அந்த ஜனங்க என்ன சொல்லுவாங்களோன்னு. அவரு திரும்பி அந்தப் பொண்ணுகிட்ட என்னமோ சொன்னாரு. அவ இங்கிலீஷ்ல சொன்னா, வான்மதி எனக்குச் சொன்னா. 'யாரோ இவருக்குச் சோறு போட்டிருக்கறாங்க.' அவ்வளவுதானுங்க. அவங்க ஊர்லயும் தேங்கா எண்ணெயில மஞ்சளும் சந்தனமும் கொழச்சுத்தான் பூசறதாமா. ரெண்டாயிரம் வருசமா.

— ரெண்டாயிரம் எண்டு அவர் சொல்லேல்லை.

— சொல்லுலீங்க. எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு.

— அந்த மேடையைப் பற்றிச் சொன்னது கேட்டனீங்களோ? அவையின்ர சனம் கல்லடுக்கி ஒரு மேடை கட்டி வச்சிருக்கினம். நடுவில இவற்ற காலடிக்கு அளவாய் ஒரு பள்ளம். அவரைக் கொண்டுபோன நாளில இருந்து அந்தப் பள்ளத்தில வேற ஒண்டையும் வைக்கேல்லையாம். தெயிக்கியின்ர குடும்பம்தான் கூட்டித் துடைக்கிறது. எண்பத்தெட்டு வருஷமாய் ஒரு பள்ளத்தைக் கூட்டியிருக்கினம் ஐசே.

— கேட்டனுங்க.

— நீங்கள் அதுக்கு ஒண்டும் கூட்டிச் சொல்லேல்லையே?

— அந்த லாரி லேன் மாத்துது பாருங்க. நீங்களும் மாத்துங்க.

— மாத்துறன். கெதியா ஓடேலாது. காலமை ஏழு மணிக்கே பெட்டி அடிச்சு முடிச்சிருக்கலாம். தங்கச்சி குடத்தோட வந்து நிண்டவ. மியூசியத்துப் பொம்பிளை, இனிக் கல்லில தண்ணி படக் கூடாது எண்டு மறிச்சா. கிழவர் கையைக் காட்டி, விடுங்கோ எண்டிட்டார். அதுக்குப் பிறகு துவாய் போட்டு ஒத்தி, ஃபேன் வச்சுக் காய விட்டு, பெட்டியை மூட ஒரு மணித்தியாலம் பிந்திப்போச்சு.

— கடைசித் தண்ணியில்லீங்களா. நெம்ப நேரம் ஊத்துனா. வழக்கமா அவ அப்படி ஊத்த மாட்டா, ஒரே ஊத்தா ஊத்தீட்டு வந்துருவா. இன்னிக்குப் பொட்டுப் பொட்டா ஊத்துனா. அந்தப் பெரியவரும் கொடத்துக்கு ஒரு கை புடிச்சாரு.

— வால்நட் கிரீக் வருது. இதில டுவென்டி ஃபோர் ரோட்டை எடுக்கவேணும். ஏன் அங்கால பார்க்கிறியள்?

— அந்த ஆஸ்பத்திரிங்க. மரத்துக்குப் பொறத்தால தெரியுதே. தொண்ணூத்தி ஆறுல அதுக்குள்ளதான் நாங்க குடி இருந்தோம்.

— தெரியும். மகள் நிருஜா சொன்னவள். அப்ப நான் அவளிட்ட வந்த புதுசு. உங்களோட எனக்குப் பழக்கமில்லை.

— அம்மிணிக்கு மார்ல கட்டி. ஆப்பரேசன், அப்புறமேட்டுக்கு மருந்து ஏத்தறது. முடி பூராப் போச்சுங்க. ஊர்ல இருந்தா ஒறம்பரை சனம் நூறு பேரு வந்து திண்ணுட்டுப் போவாங்க, அழுதுட்டுப் போவாங்க. இங்க யாரு? தீபக்கும் வான்மதியும் வேலைக்கு. நான் ஈ.பி.யில லைன் இன்ஸ்பெக்டரா இருந்தவன், பதினோராயிரம் வோல்ட்டுல கை வெச்சவன். அன்னிக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லீங்க. பொறக்கடைக்குப் போய் அவரு முன்னால நின்னேன். நாப்பத்தெட்டு நாள் ஈரத் துணியோட தண்ணி ஊத்தறேன், இவளக் குடுத்துருன்னு கேட்டேன்.

— டிசம்பர் மாசத்திலயோ?

— டிசம்பர். விடிய விடிய உறைபனி. கொடத்துல இருந்து ஊத்துனாத் தண்ணி பாதி வழியில கட்டியாகி, அவரு தலையில ணங்குன்னு விழுகும். எனக்கு மீசையில ஐஸ் தொங்கும். பல்லு ஆடற சத்தத்துல பக்கத்து வூட்டு நாய் எந்திரிச்சுக் கொலைக்கும்.

— சான் ரமோனில அவ்வளவு குளிர் இல்லை.

— இருந்துச்சுங்க. எனக்கு இருந்துச்சு. நாப்பத்தொம்பதாம் நாளு டாக்டரு, ஒண்ணுமில்ல, சுத்தமாயிருக்குன்னாரு.

— கர்த்தருக்கு நன்றி.

— நீங்க உங்காளுக்குச் சொல்லுங்க. நான் எங்காளுக்குச் சொல்லீட்டேன். ... என்னுங்க இது, இருட்டாயிருச்சு?

— கால்டிகாட் சுரங்கம். மலைக்குள்ளால போறம். ஒரு நிமிஷம், அவ்வளவுதான்.

— எஞ்சினியருங்க.

— சொல்லுங்கோ.

— செம்புல இருக்கறது குடிக்கற தண்ணியில்ல.

— அது எனக்கு அப்பவே தெரியும்.

— கோயில் வேலை நடக்கறப்ப, செலைய எடம் மாத்தறதுக்கு முன்னால, அதுல இருக்கற சாமியக் கும்பத்துல எறக்கி வெப்பாங்க. செலைக்கும் கும்பத்துக்கும் ஒரு நூலக் கட்டி, மந்திரஞ் சொல்லி, நூலு வழியா வர வெக்கறது. அப்புறந்தான் செலைய நகத்தலாம். நகத்தறப்ப அது வெறுங்கல்லு. வேலை முடிஞ்சதும் கும்பத்துத் தண்ணிய அதுமேல ஊத்தித் திரும்ப ஏத்தீருவாங்க.

— அதுக்கு ஐயர் வேணுமே. லிவர்மோர்க் கோயில்ல கேட்டனீங்களோ?

— கருப்பராயனுக்கெல்லாம் ஐயரு வர மாட்டாருங்க. எங்க பங்காளி வெங்கடாசலம் ஊர்ல பூசாரி. போன வெள்ளிக்கிழமை காத்தாலே போன் கார்டு ஒண்ணு வாங்கி அவனக் கூப்பிட்டேன். கார்ட்லெஸ் போன அவரு காதுல வெச்சேன். அங்கிருந்து அவன் சொல்லச் சொல்ல, நான் நூலக் கட்டிச் செம்பப் புடிச்சுட்டு நின்னேன். கடைசி வரி சொல்லி முடிச்சான், கார்டு தீந்துபோச்சு. செம்பு ஒரு குலுக்குக் குலுங்குச்சு பாருங்க, என்ற தோள்பட்டையே கழண்டுருச்சு.

— மாரிசாமி.

— சத்தியமுங்க. இதுல மட்டும் நான் கூட்டிச் சொல்லுல. குலுங்குச்சு. அன்னிக்கிருந்து கராஜ்ல, டிரையருக்கு மேல் செல்ஃபுல, சோப்பு டப்பாவுக்குப் பின்னால இருந்தாரு. இன்னிக்கு வூட்ல யாரும் இல்லையே, உட்டுட்டு வர மனசில்ல. தூக்கீட்டு வந்துட்டேன்.

— அப்ப முன்னால போற லாரியில என்ன போகுது?

— கல்லு.

— அந்தக் கிழவர் முகத்தை வச்சு மணந்தது செவ்வாய்க்கிழமை. நீங்கள் இறக்கினது அதுக்கு முன்னம், வெள்ளிக்கிழமை.

— ஆமாங்க.

— அந்த மனிசன் அப்பிடி மூச்சிழுக்கேக்க, அதுக்குள்ள ஒண்டும் இல்லை எண்டு நீங்கள் நினைச்சுக்கொண்டு பக்கத்தில நிண்டனீங்கள்.

— சுரங்கம் முடிஞ்சுதுங்க. வெளிச்சம் வந்துருச்சு. உட்ருங்க.

— நான் விடமாட்டன்.

— நீங்க வேதக்காரரு. அந்தோனிப்பிள்ளைன்னு பேரு வெச்சிருக்கறீங்க. உங்களுக்கு எப்பவுமே அது கல்லுதான். உள்ள இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

— நான் நம்புறனோ இல்லையோ, அது இதில கணக்கில்லை. நீங்கள் நம்புறியள். நம்பிக்கொண்டு எடுத்தால் அதுக்குப் பேர் களவு. அந்தக் கப்டன் கல்லைத்தான் களவெடுத்தவன், ஐசே. நீங்கள் மிச்சத்தையும் எடுத்துப்போட்டியள்.

— அப்படிச் சொல்லாதீங்க.

— வேற எப்பிடிச் சொல்லுறது? கேளுங்கோ. தொண்ணூறில எங்கட பக்கம் ஷெல் விழத் தொடங்க, ஊர் ஒரே நாளில எழும்பினது. என்ர தம்பி கோயில் மாதாவைச் சாக்கால சுத்திச் சைக்கிள் கரியர்ல கட்டி உருட்டிக்கொண்டு போனவன். ரெண்டு இடம் மாறி இப்ப மானிப்பாயில ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில நிக்கிறா, கரும்பலகைக்கு முன்னால. சனம் அங்கதான் செபம் சொல்லுறது. மழைக்கு ஆடுறா, சீமெந்து வச்சு இறுக்கட்டோ எண்டு தம்பி கேட்டெழுதினான். நான் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில இருபத்தெட்டு வருஷம் வேலை செய்தவன். சீமெந்து வைக்காதை எண்டு எழுதினன்.

— ஏனுங்க?

— இறுக்கினால் அதுதான் அவவின்ர இடம் எண்டு ஆகிப்போடும். அங்கால எங்கட கோயில்ல ஒரு மாடம் வெறுமையாக் கிடக்கு. நாங்கள் போகேலாது, சுத்திவர ஆமிக்காரற்ற கம்பி. கிடக்கட்டும். ஒரு இடம் காத்துக்கொண்டு இருந்தால், அதுக்குரியதைக் குடுக்கவேணும். வெறும் பிளாஸ்டர்ச் சிலை எண்டாலும்.

— உங்களுக்குச் சொல்லறது சுலுவுங்க.

— எனக்கோ?

— இல்லீங்க. மன்னிச்சுக்குங்க. வாய் தவறீருச்சு.

— பரவாயில்லை. ஆனா ஏன் எண்டு சொல்லுங்கோ. ஏழு வருஷம் கும்பிட்டியள், சரி. ஊரிலயும் உங்களுக்கு ஒரு கருப்பராயன் நிக்கிறார். லிவர்மோருக்குப் போனால் ஒரு கோயில் முழுக்கத் தெய்வம். இவரைப் பிடிச்சு வச்சு உங்களுக்கு என்ன?

— திங்கக்கெழமை அம்மிணிக்கு ஸ்கேனுங்க.

— வருஷத்துக்கொருக்கா எடுக்கிறது தானே?

— போன மாசம் ஒண்ணு எடுத்தாங்க. ஈரல்ல ஒரு புள்ளி இருக்குதுன்னாங்க. மறுக்காப் பாக்கோணுமாமா. டாக்டரு பேனா நுனியால காமிச்சாரு.

— எவ்வளவு பெரிசு?

— கடுகளவு.

— மாரிசாமி, ...

— கடுகளவுதானுங்க. நான் எதையும் பெருசாச் சொல்றவன், உங்களுக்குத் தெரியும். அதைய மட்டும் எனக்குப் பெருசாச் சொல்ல வர மாட்டேங்குது. தீபக் கேட்டான், கடுகளவுன்னேன். வெங்கடாசலம் கேட்டான், கடுகளவுன்னேன். கடுகுல பாதின்னுகூடச் சொல்லிப் பாத்தேன்.

— தங்கச்சிக்குத் தெரியுமோ?

— அவளுக்கு முன்னாலதான் காமிச்சாரு. அவ வர்ற வழியில கடையில நிறுத்தச் சொல்லி வெந்தயம் வாங்குனா. அன்னிக்கு ராத்திரியெல்லாம் நான் ரோசனை பண்ணினனுங்க. போன தடவை காப்பாத்துனவரு இவரு. மூணே வாரத்துல இவரக் கப்பல்ல ஏத்தறாங்க. தாராபுரத்துல நிக்கறவருக்கு இவளோட ஆஸ்பத்திரி தெரியாது. கோயில்ல இருக்கற சாமிங்க கிட்ட நான் அந்த மாதிரி நின்னு கேட்டதில்ல. இவரு ஒருத்தருக்குத்தான் கேஸ் தெரியும். திங்கக்கெழமை வரைக்குமாவது இருக்கட்டும்னு நெனச்சேன். அது தப்புங்களா? சொல்லுங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க.

— எனக்குத் தெரியேல்லை ஐசே. என்ர மனிசி போகேக்க நான் மாதாவிட்ட என்னென்னவோ கேட்டனான். மாதாவை ஒரு செம்புக்குள்ள பிடிச்சு வைக்க வழி தெரிஞ்சிருந்தால், நானும் பிடிச்சு வச்சிருப்பன்.

— அப்ப?

— அப்பவும் அங்க ஒரு பள்ளத்தைக் கூட்டிக்கொண்டு ஒரு சனம் இருக்கு. இன்னும் பத்து நிமிஷம். எயிட் எய்ட்டி ரோட்டில இறங்கினால் துறைமுகம் தெரியும். நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆரிட்டையும் சொல்லமாட்டன். செம்பு உங்கட மடியில கிடக்கு.

— அந்தப் பெரியவரு, லாரியில ஏறறப்ப என்னயக் கூப்பிட்டுக் கேட்டாரு. இவர நீங்க என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டீங்கன்னு. கருப்பராயன்னேன். அவருக்கு வாயில வரலீங்க. காருப்பா, காருப்பான்னாரு. ஊருக்குப் போனதும் அவங்க வெச்ச பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்களாம், அப்புறம் இந்தப் பேரையும் ஒரு தடவை சொல்லுவாங்களாம். கோவிச்சுக்கக் கூடாதில்ல, பழகுன பேராச்சேன்னாரு. அந்தப் பள்ளத்துல நிக்க வெச்சு, அந்த ரெண்டு பேரையும் சொல்லிக் கூப்பிடறப்ப, உள்ள இருந்து யாரும் ஏனுங்கன்னு கேக்க மாட்டாங்களே.

— ஓம்.

— அது பெரிய பாவமுங்க.

— ஓம். அது பெரிசு.

— அந்தக் கிரேன் எல்லாம் எவ்வளவு உசரம் பாருங்க. ஆயிரம் அடி இருக்குமுங்களா?

— இருக்கும்.

— நீங்க இல்லைன்னு சொல்லோணும்.

— இண்டைக்கு இருக்கட்டும். ஆயிரம் அடி.

— அந்தப் பெட்டிய மறுக்காத் தொறக்க முடியுமுங்களா? ஆணி அடிச்சுட்டாங்களே.

— முன்பக்கத்தில ஒரு சின்னக் கதவு விட்டிருக்கு. சுங்கக்காரர் பார்க்கிறதுக்கு. நான்தான் விடச் சொன்னனான். தலை நேரை தெரியும்.

— அது போதும். தலையில பட்டாப் போதும். நீங்க அவங்கள்ட்ட இங்கிலீஷ்ல சொல்லுங்க. பெரியவர்ட்ட நான் சொல்லிக்கறேன், பாஷை வேண்டாம், அவருக்குப் புரியும். ஊத்தீட்டு வந்தர்றேன். ஒரு செம்புத் தண்ணிதானே. ஒரு நிமிசம்.

— கேட்டைத் தாண்டியாச்சு. இந்தா, லாரிக்குப் பக்கத்தில நிப்பாட்டுறன். ஆறுதலா இறங்குங்கோ.

— அம்மிணிக்குத் தெரிய வேண்டாமுங்க. நான் அவளுக்காவ வெச்சிருந்தேன்னும் தெரிய வேண்டாம், நானே குடுத்துட்டேன்னும் தெரிய வேண்டாம். திங்கக்கெழமை என்ன மூஞ்சிய வெச்சுட்டு அவளக் கூட்டீட்டுப் போறதுன்னு தெரியலீங்க.

— திங்கக்கிழமை நான் காரை ஓட்டுறன். நீங்கள் பின்னால அவவோட இருங்கோ.

— சரிங்க. கதவத் தொறங்க.

— ஏனுங்க.

— அம்மிணி. முழிச்சுட்டயா?

— தூங்குனாத்தானுங்க முழிக்கறதுக்கு.

— எதுல இருந்து கேட்டே?

— புலியில இருந்து.

— தங்கச்சி, குறை நினையாதேங்கோ. நாங்கள் ஏதோ—

— நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லுலீங்கண்ணா. ஏனுங்க, எறங்க வேண்டாம். பொட்டியத் தொறக்கச் சொல்லி அவங்களத் தொந்தரவு பண்ணாதீங்க.

— உனக்குத் தெரியாது அம்மிணி. இதைய இப்ப ஊத்தித்தான் ஆகோணும். இல்லாட்டி அங்க வெறுங்கல்லுதான் போகும்.

— தெரியுமுங்க. போன வெள்ளிக்கெழமை நீங்க கார்ட்லெஸ் போன அவரு காதுல வெச்சுட்டு நின்னப்ப, நான் சமையக்கட்டு ஜன்னல்லதான் நின்னுட்டிருந்தேன்.

— அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?

— ஒரு மாசமாத் தூங்காத மனுசன், அன்னிக்குப் பொழுதோட படுத்து விடியறமுட்டும் தூங்குனீங்க. அதைய ஏன் கெடுக்கோணும்னு உட்டுட்டேன்.

— இனிமேட்டுக்கு எனக்குத் தூக்கம் வேண்டாம். உடு, நான் போய் ஊத்தீட்டு வர்றேன்.

— உக்காருங்க. காத்தாலே அஞ்சு மணிக்கே அதைய நம்ம கொடத்துல ஊத்தி வெச்சுட்டனுங்க, பெரியவரும் நானும் அவரு தலையில ஊத்துனது அதுதான். உங்க கையில இருக்கறது கராஜ் குழாய்த் தண்ணி, தொண்டை காஞ்சு கெடக்குது, குடிங்க.